காலையில் கார் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறதா? நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மார்கழி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டை, வள்ளியூர், அம்பாசமுத்திரம் என்று எந்த ஊர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் ஒரே புலம்பல்தான்: "ராத்திரி நல்லாத்தான் ஓடிச்சு அண்ணாச்சி, காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு." சபரிமலைக்கு இருமுடி கட்டிப் புறப்படுகிறவர்கள், விடியுமுன் கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள், நெல்லை ஜங்ஷனில் காலை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் என எல்லாருக்கும் அந்த நேரத்தில்தான் வண்டி வேண்டும். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெட்ரோல், டீசல் கார்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

குளிரால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா?

பெரும்பாலும் இல்லை. திருநெல்வேலிச் சமவெளியில் மார்கழி, தை விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். டெல்லியில் ஜனவரி மாதம் 5 டிகிரியில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிற அதே மாடல் கார், நம் ஊரில் 22 டிகிரியில் முரண்டு பிடித்தால் வண்டியில் ஏற்கெனவே ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் பொருள்.

நான் குளிரைவிட, வண்டி எட்டு பத்து மணி நேரம் அசையாமல் நின்றதைத்தான் சந்தேகப்படுவேன். அந்த நேரத்தில் பேட்டரியின் சார்ஜ் கசியலாம். பெட்ரோல் லைனில் இருந்த அழுத்தம் இறங்கலாம். டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம்.

இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை ஓட்டிவந்து நிறுத்திவிட்டு, மாலை வரை தொடாமல் இருங்கள். மாலை வெயிலிலும் அதே தகராறு வந்தால் குளிருக்கு இதில் பங்கில்லை. மாலையில் சுத்தமாக ஸ்டார்ட் ஆகி, விடியற்காலையில் மட்டும் படுத்தினால் டீசல் இன்ஜினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக், வெப்ப சென்சார், பலவீனமான பேட்டரி என்று தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

மாஞ்சோலை, ஊத்து போன்ற மலைப்பகுதிகளின் கதை வேறு. மூணாறுக்கோ கொடைக்கானலுக்கோ போய் இரவு தங்கினாலும் அப்படித்தான். அங்கே உண்மையிலேயே குளிர். கீழே சமாளித்துக்கொண்டிருந்த பேட்டரி மேலே போய்க் கைவிரித்துவிடும். அதனால் மலைக்குப் போவதற்கு முந்தின வாரமே பேட்டரியைச் சோதித்துவிடுவது நல்லது.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பார்ப்பதற்கு முன் கேளுங்கள். சாவியைத் திருகியதும் வருகிற சத்தத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

"டடடடட" என்று வேகமாகத் தட்டினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு "டக்" வந்து நின்றுவிட்டால் செல்ஃப் மோட்டாரையோ அதற்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான சொலினாய்டையோ எர்த் கேபிளையோ சந்தேகிக்க வேண்டும். "ஞொய்ங்… ஞொய்ங்…" என்று இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டாரில் கார்பன் தேய்ந்திருக்கிறது. "விர்ர்" என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் செல்ஃபின் பல் சக்கரம் இன்ஜினின் பெரிய சக்கரமான ஃபிளைவீலைப் பிடிக்கவில்லை. இன்ஜின் வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். எரிபொருள், தீப்பொறி, சென்சார் பக்கம் போங்கள்.

ஒரு சத்தமும் இல்லையென்றால் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருகிப் பாருங்கள். விளக்கு அணைந்துபோனால் பேட்டரி அல்லது இணைப்பு. விளக்கு பிரகாசமாகவே எரிந்தால் செல்ஃப் மோட்டாருக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை: ரிலே, சாவி ஸ்விட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் லிவர் சரியான இடத்தில் இல்லாதது இப்படி ஏதாவது. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கியர் வண்டிகளில் கிளட்ச்சை முழுதாக மிதிக்காமல் விட்டிருப்பதும் உண்டு. சிரிக்காதீர்கள், அப்படி டோ வண்டி வரவழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பேட்டரி வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது. அதற்குள் போய்விடுமா?

போகும். நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது மார்கழி இல்லை, சித்திரையும் வைகாசியும்தான். வெப்பம் கூடக்கூட பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை வேகமெடுக்கும்; தகடுகள் அரிக்கும், தண்ணீர் வற்றும். வெயிலில் நிற்கிற காரின் பானட்டுக்குள் சூடு வெளியில் இருப்பதைவிட அதிகம். கோடையில் பாதி உயிரை விட்ட பேட்டரி, பகலில் சூட்டில் எப்படியோ ஓட்டிவிடும். சற்றே குளிர்ந்த காலையில், இரவெல்லாம் நின்றபின், மாட்டிக்கொள்ளும். அதனால் பழி குளிரின்மேல் விழுகிறது. மூன்று நான்கு வருஷம் உழைத்த பேட்டரி இந்த வெயிலில் கடமையைச் செய்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கதவைத் திறந்து விளக்கு எதுவும் போடுவதற்கு முன், பானட்டைத் தூக்கிப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 பரவாயில்லை. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் வண்டி ஸ்டார்ட் ஆனாலும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது.

அடுத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 12.5 காட்டிய பேட்டரி செல்ஃப் அடித்ததும் 9 அல்லது 8-க்குச் சரிந்தால், சார்ஜ் இருந்தும் உள்ளே தெம்பில்லை என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆனபின் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும், 12.5-லேயே நின்றால், இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. இந்த மூன்று எண்ணையும் பார்க்காமல் "பேட்டரி மாத்திருங்க" என்று சொல்கிற கடையை விட்டு விலகிவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றுகிற வகைப் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் பேட்டரிக்கு ஆகாது.

புதுப் பேட்டரி போட்டும் அதே தகராறு. ஏன்?

டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிவிட்டு வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

அதைவிட முக்கியம் எர்த். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற கேபிளை யாரும் கவனிப்பதில்லை. உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை என்று கடலோரத்தில் நிற்கிற வண்டிகளில் உப்புக்காற்று பட்டு அந்தக் கேபிள் போல்ட்டுக்கு அடியிலேயே துருப்பிடிக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார்களிலும் எர்த் முனைகளை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. அப்போது துடைத்துவிட்டு ஓட்டிய வண்டிகளில் துரு உள்ளுக்குள் பல மாதம் சத்தமில்லாமல் வளரும்.

சோதனை எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் கரண்ட் அந்தக் கேபிளிலேயே வீணாகிறது. புதிய கேபிளின் விலை பேட்டரி விலைக்குப் பக்கத்திலேயே வராது.

வாரத்துக்கு ஒருநாள்தான் எடுப்பேன். ஒவ்வொரு முறையும் பேட்டரி இறங்கியிருக்கிறது.

நிறுத்திவைத்த காரும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும்: கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் இருக்கிறதே. 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை சகஜம். 50 என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, பத்து நாளில் 12. சிறிய காரில் இருப்பது 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி. கோளாறே இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, பாருங்கள்.

இத்துடன் டேஷ்கேமரா, ஜி.பி.எஸ். டிராக்கர், வெளியில் மாட்டிய ஆம்ப்ளிஃபயர் என்று ஏதாவது நேரடியாகப் பேட்டரியில் இணைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கால் ஆம்பியர் குடிக்கிற கேமரா மூன்றே நாளில் 18 ஆம்பியர்-மணியை முடித்துவிடும். டிக்கி விளக்கு அணையாமல் எரிவதும் உண்டு. செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து டிக்கியை மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கசிவை அளக்க நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இடையில் இணைக்க வேண்டும். வண்டியைப் பூட்டி அரைமணி நேரம் காத்திருங்கள். கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அவ்வளவு நேரமாகும். அப்புறமும் 0.05-க்கு மேல் காட்டினால் ஒவ்வொரு ஃபியூஸாக உருவுங்கள். எதை உருவும்போது எண் சரிகிறதோ அந்தச் சுற்றில்தான் திருடன் இருக்கிறான். எந்த ஃபியூஸிலும் இறங்கவில்லை என்றால் நேரடியாகப் பேட்டரியில் இணைத்த கருவிகளையும் ஆல்டர்னேட்டர் டயோடையும் சந்தேகியுங்கள். மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் கருகிவிடும்.

வளைகுடாவிலோ சென்னையிலோ இருந்துகொண்டு பொங்கலுக்கு மட்டும் வருகிறவர்கள் போகும்போது நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. தம்பியிடமோ மச்சானிடமோ சாவியைக் கொடுத்து "அப்பப்ப ஸ்டார்ட் பண்ணிப் போடுலே" என்று சொல்வதில் பெரிய பலனில்லை. ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடினால் நாள்கணக்கில் கசிந்தது திரும்பாது. ஸ்டார்ட் செய்தால் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரைக்குமாவது ஓட்டச் சொல்லுங்கள்.

பெட்ரோல் கார். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. மூன்றாவது தடவைதான் பிடிக்கிறது.

இது பெட்ரோல் அழுத்தம் இறங்குவதன் அடையாளம். டேங்குக்குள் இருக்கும் பம்ப், வண்டி நின்றபின்னும் லைனில் அழுத்தத்தைத் தக்கவைக்க வேண்டும். அதற்காகவே ஒரு செக் வால்வு இருக்கிறது. அது தேய்ந்தால் இரவில் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிவிடும். இல்லையென்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்று சொட்டி அழுத்தத்தை இழக்கும்.

சோதிப்பது சுலபம். நாளைக் காலை உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். சாவியை ஆன் நிலையில் வைத்தால் பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு விநாடி "ஊம்ம்" என்று ஓடி நிற்கும். ஆஃப் செய்து மறுபடி ஆன். இப்படி மூன்று முறை செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். சட்டென்று பிடித்தால் கோளாறு அழுத்தத்தில்தான். பம்ப் சத்தமே இல்லையென்றால் ரிலே, ஃபியூஸ், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள்.

செக் வால்வா, இன்ஜெக்டரா என்று பிரிக்க மூக்கு போதும். ஸ்டார்ட் ஆனதும் பெட்ரோல் வாடையும் கறுப்புப் புகையும் வந்தால் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள் சொட்டியிருக்கிறது. அந்த மாதிரி நாளில் ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். மிஞ்சியது வெளியேறிப் பிடித்துவிடும்.

ஸ்பார்க் பிளக்கையும் மறக்க வேண்டாம். சாதாரண நிக்கல் பிளக்கைப் பல வருஷம் கழற்றாமலே ஓட்டுகிறவர்கள் அதிகம்.

இருபது சதவீத எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறார்களே?

காலை ஸ்டார்ட்டுக்கு அதைக் குறைசொல்ல மாட்டேன். எத்தனால் ஆவியாகக் கூடுதல் வெப்பம் வேண்டும் என்பது உண்மை. முழு எத்தனாலில் ஓடும் பிரேசில் கார்களில் குளிர்நாள் ஸ்டார்ட்டுக்கென்று தனியாகச் சின்ன பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள். ஆனால் 80 சதவீதம் பெட்ரோல் இருக்கும்போது, 22 டிகிரியில் அது தடையே இல்லை. பழைய கார்களின் ரப்பர் குழாய்களையும் மாதக்கணக்கில் டேங்கிலேயே கிடக்கும் பெட்ரோலையும் பற்றிக் கவலைப்பட்டால் நியாயம் உண்டு.

ஸ்கேனர் வாங்கினால் உதவுமா?

உதவும், அதுவும் ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்கு. வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ளதைப் படித்து, செல்போனில் புளூடூத் வழியே பேசுகிற சின்ன ஓ.பி.டி. கருவி போதும். இரவெல்லாம் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் வைத்து, கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இரவுக் காற்றில்தானே கிடந்தன? காற்று 24, கூலண்ட் 70 என்று காட்டினால் கூலண்ட் சென்சார் பொய் சொல்கிறது. இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருக்கிறது என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துத் தெளிக்கும். வண்டி காலையில் திணறும், சூடானபின் அருமையாக ஓடும். மைனஸ் 40 காட்டினால் வயர் அறுந்திருக்கிறது. விலை குறைந்த சென்சார். ஆனால் இதைப் பார்க்காமல் பிளக், பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாற்றிவிடுவார்கள்.

டீசல் வண்டி. காலையில் நெடுநேரம் சுற்றி, நடுங்கிக்கொண்டு, வெள்ளைப் புகை விடுகிறது.

ஹீட்டர் பிளக்கிலிருந்து தொடங்குங்கள். டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. அழுத்திச் சூடாக்கிய காற்றில்தான் எரிய வேண்டும். நான்கில் ஒன்றிரண்டு ஹீட்டர் பிளக் செத்தாலும் நம் வெப்பத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. எரியாத டீசல்தான் அந்த வெள்ளைப் புகை. பிளக்கின் வயரைக் கழற்றி மீட்டரில் ஓம் பாருங்கள்: நல்ல பிளக் 1 ஓம் அளவில் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணைந்தபின் செல்ஃப் அடிக்கும் பழக்கமும் வேண்டும். பொறுமையில்லாதவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, காற்று. ஃபில்டர் மூடி, ரப்பர் குழாய், கிளாம்ப் எதிலாவது மயிரிழை விரிசல் இருந்தால் இரவில் டீசல் டேங்குக்கு இறங்கி அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். டீசல் வெளியே ஒழுகாது என்பதால் கண்ணில் படாது. கை பம்ப் இருக்கிற வண்டியில் காலையில் அதை அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருந்து, பத்துத் தடவை அழுத்தியபின் இறுகி, வண்டியும் உடனே பிடித்தால் ஏர் லாக்தான். சரிவான இடத்தில் வண்டியின் முகம் கீழ்நோக்கி நின்ற இரவில் தொந்தரவு இல்லை, மேல்நோக்கி நின்றால் உண்டு என்றாலும் இதுவே.

மூன்றாவது, ஃபில்டரில் தண்ணீர். அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். டீசல் உறைந்திருக்குமோ என்கிற பயம் லடாக்குக்குப் போகும்போது வரட்டும்.

ஈதர் ஸ்பிரேயை மட்டும் ஹீட்டர் பிளக் உள்ள டீசலில் அடிக்காதீர்கள். சூடான பிளக்கில் பட்டு வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும்.

காலையில் முதல் சில விநாடி மட்டும் வண்டி ஒரு சிலிண்டரில் தள்ளாடுகிறது. அப்புறம் சரியாகிவிடுகிறது.

கூலண்ட் அளவைப் பாருங்கள். வெளியே ஒழுகாமல் மாதாமாதம் குறைந்தால், இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாக இரவில் ஒரு சிலிண்டருக்குள் இறங்குகிறது. இது தள்ளிப்போடுகிற வேலை இல்லை. கூலண்ட் கூடுதலாக இறங்கினால் செல்ஃப் அடிக்கும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீலப் புகை சற்று வந்து நின்றால் வால்வு சீல் வழியாக ஆயில் இறங்குகிறது; அதற்கு அவசரம் கிடையாது.

நேற்று வரை ஒரு குறையும் இல்லை. இன்று காலை திடீரென்று சுத்தமாக ஸ்டார்ட் ஆகவில்லை.

எலி. பிசான நெல் அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் ஒதுங்கும். ஓடி வந்து நின்ற இன்ஜின் இரவில் கதகதப்பாக இருக்கும். பானட்டைத் தூக்கி வைக்கோல், எச்சம், கடித்த ரப்பர்த் துகள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பும் தேடி வரும், விடியற்காலை இருட்டில் வெறும் கையை உள்ளே விடாதீர்கள். கடிபட்ட வயரை டேப் சுற்றி ஒப்பேற்றாமல் ஒழுங்காகச் சால்டரிங் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். புகையிலையைக் கட்டித் தொங்கவிட்டால் வாசம் இருக்கும்வரை எலி வராது என்று சொல்கிறவர்கள் உண்டு.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

கியர் வண்டியில், பேட்டரியில் டேஷ்போர்டு விளக்கு எரியுமளவுக்காவது உயிர் இருந்தால், இரண்டாவது கியரில் செய்யலாம். ஆட்டோமேட்டிக்கில் முடியாது. பேட்டரி முற்றாக இறந்த புதிய கார்களிலும் வீண். கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் கரண்ட் வேண்டுமே. செல்ஃப் சுற்றியும் பிடிக்காத வண்டியைத் தள்ளுவதில் அர்த்தமே கிடையாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய்ச் சேர்ந்து அதையும் கெடுக்கும்.

ஜம்பர் கேபிளை எந்த வரிசையில் மாட்ட வேண்டும்?

சிவப்பு இறந்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை இறந்த வண்டியின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் தீப்பொறி வரும். பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் நிற்கலாம். கழற்றுவது இதற்கு நேர் எதிர் வரிசை. செல்ஃப் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனபின் எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்?

அரை நிமிடம். அப்புறம் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள்.

பழைய அம்பாசடர், கார்பரேட்டர் மாருதி 800 வைத்திருக்கிறேன்.

சோக் கேபிள் உண்மையிலேயே கார்பரேட்டரின் காற்று வழியில் இருக்கும் பட்டர்ஃபிளைத் தகட்டை மூடுகிறதா என்று பாருங்கள். பாதி வண்டிகளில் கைப்பிடி மட்டும்தான் வெளியே வரும். மழை, பனிக் காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே துணியால் துடையுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் "இங்க நல்லாத்தானே ஸ்டார்ட் ஆகுது" என்கிறார்கள்.

ஓட்டிக்கொண்டு போன வண்டி சூடாகத்தான் இருக்கும், கோளாறு எப்படித் தெரியும்? முந்தின நாள் மாலையே கொண்டுபோய் விட்டுவிட்டு, "காலையில நான் வர்ற வரைக்கும் சாவியத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அது முடியாவிட்டால் வீட்டில் ஸ்டார்ட் ஆகும் நேரத்தைச் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்: சத்தம், டேஷ்போர்டு விளக்குகள், சைலன்சர் புகை மூன்றும் அதில் இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் நின்றது, எத்தனையாவது செல்ஃபில் பிடித்தது, டேங்கில் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் மெக்கானிக் நேராகச் சரியான இடத்தில் கை வைப்பார்.